திரைக்கு இந்தப் பக்கம்

ஏற்காட்டில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் மதியம் சாப்பிடும் ஓட்டலில் தோசைக்கல் வாசலிலேயே இருக்கிறது. குடும்ப அறை கடைசியில், கை கழுவும் இடத்தையும் தாண்டி, ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால். பெண் தனியாக வந்தாலும் ஓட்டல்காரர் அந்தத் திரையைத்தான் காட்டுவார். சனி, ஞாயிறுகளில் அங்கே சுற்றுலா வந்த குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். மற்ற நாட்களில் வெங்காய மூட்டைகளும் நானும்.

ஆம், முதலில் நானும் உள்ளேதான் போனேன். டிப்ளமோ முடித்துவிட்டு எஸ்டேட்களில் மோட்டார் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்த புதிது. காலையில் பஜாரில் உள்ள கடையில் வேலை. சாப்பாட்டுக்குப் பிறகு ஷேர் ஜீப்பில் ஏதாவது ஓர் எஸ்டேட்டுக்குப் போக வேண்டும். ஜீப்புக்கு நேரம் கிடையாது. ஆள் நிறைந்தால் கிளம்பிவிடும்.

பழம் பறிக்கும் பருவத்தில் ஒருநாள், மஞ்சக்குட்டையில் என் அம்மா வேலை செய்யும் எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. பறித்த பழத்தை அன்றே உரிக்காவிட்டால் புளித்துப்போகும். நான் திரைக்குப் பின்னால் தோசைக்குக் காத்திருந்தேன். அது தொய்ந்துபோய் என்னிடம் வந்து சேர்வதற்குள் ஜீப் போயிருந்தது. அடுத்த ஜீப் நிறைந்து, நான் போய் மோட்டாரைச் சரிசெய்தபோது இருட்டிவிட்டது. ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் பழம் புளிவாடை அடித்தது.

"பொம்பளப் புள்ளைய அனுப்புனா இப்படித்தானுங்க," என்று எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் எங்கள் கடைக்குப் போன் போட்டுச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் காதிலும் விழுந்தது.

அன்றே மனதுக்குள் வரிசை போட்டுப் பார்த்தேன். வாசல் பெஞ்சில் உட்கார்ந்தால் ஜீப் நிறைவது தெரியும். தோசை முறுகலாக வரும். கல்லின் சூடு குளிருக்கு இதமாக இருக்கும். உட்காரக் கூடாது என்பதற்கு என்ன காரணம்? நான் பெண். அந்த வரிசையில் வேறெதுவும் சேரவில்லை.

அடுத்த மதியம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"ஏன் கண்ணு, உள்ள எடம் கெடக்குதே," என்றார் ஓட்டல்காரர்.

"இங்கயும் கெடக்குதுங்க."

"இது ஆம்பளைங்க உக்கார்ற எடம் சாமி."

"பெஞ்சு அப்படி ஒண்ணும் சொல்லலைங்க."

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜீப் டிரைவருக்குப் புரையேறியது. ஓட்டல்காரர் சிரிக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தால்தான் எனக்குப் பரிமாற வேண்டும் என்று சப்ளையரிடம் உரக்கச் சொன்னார்.

நான் எழுந்து நேராகத் தோசை மாஸ்டரிடம் போனேன். "ஒரு ரோஸ்ட் போடுங்கண்ணா." அவர் முதலாளியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, மாவை ஊற்றினார். தட்டை வாங்கிக்கொண்டு வாசற்படியில் நின்றபடியே சாப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் பார்த்தார்கள். சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

பாதித் தோசை வரைக்கும்கூட ஓட்டல்காரரால் பொறுக்க முடியவில்லை. "உக்காந்து தின்னு கண்ணு. உக்கார எடமில்லாத கடைன்னு நெனைக்கப் போறாங்க."

உட்கார்ந்தேன். அதன்பிறகு தினமும் அங்கேதான். ஒரு ஜீப்பைக்கூடத் தவறவிடவில்லை.

ஆனால் பேச்சு எனக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது.

"எதுக்குக் கண்ணு வம்பு?" என்றாள் அம்மா. "பார்சல் வாங்கிக்கிட்டா ஆவாதா? ரைட்டரு எங்கிட்ட நொம்ப நக்கலாக் கேக்கறாரு."

"எஸ்டேட்ல அந்த ரைட்டர் பாக்கத்தானே ரோட்டோரம் உக்காந்து சோறு திங்கற? அங்க யாராச்சும் திரை கட்டுனாங்களா?"

"அது வேலை செய்யற எடம்."

"நானும் வேலைக்கு நடுவுலதாம்மா திங்கறேன்."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு ஒரு ஞாயிறு சந்தைக்கு என்னோடு வந்தவள், ஓட்டல் வாசலில் நின்று பார்சல் கேட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டேன். அம்மா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். ரோஸ்ட் பாதி தீர்ந்திருந்தபோது ரைட்டர் உள்ளே நுழைந்தார்.

எஸ்டேட்டில் அவரைக் கண்டால் எழுந்து நிற்பது வழக்கம். அம்மாவின் கால்கள் பெஞ்சுக்கடியில் செருப்பைத் தேடின. பிறகு தேடுவதை விட்டுவிட்டன.

"என்ன, அம்மாளும் மகளும் முன்னாடியே உக்காந்தாச்சாட்ட இருக்குது?" என்றார் ரைட்டர்.

"ஆமாங்க. கை எச்சிலா இருக்குது, எந்திரிக்க முடியலீங்க," என்றாள் அம்மா. பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு நன்றாக உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். "தம்பி, இன்னொண்ணு ஊத்துங்க. இத விட முறுகலா."