மோழை ஆடும் கொம்புக் கிடாவும்

நான் கால்நடை டாக்டராக முதலில் வேலை பார்த்தது திருச்சுழிப் பக்கம் ஒரு மருந்தகத்தில். சேர்ந்த புதிதில் பரளச்சியிலிருந்து முத்துலட்சுமி ஓர் ஆட்டை ஆட்டோவில் ஏற்றி வந்தார். கூலி வேலையை விட்டுவிட்டு, தலைச்சேரி கலப்பு ஆடு வளர்த்துப் பால் விற்றவர். அந்த ஆடு பார்க்கப் பெட்டை. ஆனால் பருவத்துக்கே வரவில்லை. கிடா மாதிரி மற்ற ஆடுகள் மேல் ஏறியது.

சோதித்ததில் ஆணுமில்லை பெண்ணுமில்லை, இரண்டும்கெட்ட உறுப்பு. போன ஈத்திலும் இப்படி ஒன்று பிறந்ததாம். உன் கை ராசியில்லை, ஆடுகள் எல்லாவற்றையும் காரியாபட்டிச் சந்தையில் தள்ளிவிடு என்கிறாராம் மாமியார்.

ஆட்டின் தலையைத் தடவினேன். கொம்பில்லாத மோழை. தாயும் மோழை, சேர்த்த கிடாவும் மோழை என்றார். கொம்பாடு ஒன்று மகளைக் கண்ணோரம் குத்திவிட்டதால், தேடித் தேடி மோழையாகவே வாங்கியிருக்கிறார்.

காரணம் அதுதான். கொம்பை இல்லாமல் ஆக்கும் ஜீன் ஒரு பக்கமிருந்து வந்தால் குட்டி மோழையாகும், அவ்வளவே. தாய், தகப்பன் இரு பக்கமிருந்தும் சேர்ந்து வந்தால் பெட்டைக் குட்டியின் உறுப்பு வளர்ச்சியே கெட்டுவிடும். கொம்புக் கிடாவைச் சேர்த்தால் போதும். கொம்போடு பிறக்கும் குட்டிகளுக்கு முதல் வாரத்திலேயே கொம்புக்குருத்தைச் சுட்டுவிடலாம் என்று சொன்னேன்.

அவர் கிடாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப எம்மேல குத்தமில்லயா, டாக்டரம்மா?"

"இல்லம்மா. யார் மேலயும் இல்ல."

"இத எங்க அத்தைகிட்ட வந்து சொல்லுவீகளா? நாஞ் சொன்னா அவுக நம்பமாட்டாக."

சாயங்காலம் போனேன். அந்த அம்மா தொழுவத்தில் நின்றபடியே முழுக்கக் கேட்டார். மருமகள் பக்கம் திரும்பாமல், "வீரசோழன்ல நல்ல கொம்புக் கிடா இருக்கு. நானே போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றார்.

அடுத்த ஈத்தில் முத்துலட்சுமி போன் செய்தார். இரண்டு பெட்டைக் குட்டிகள், இரண்டும் குறையில்லாமல். ஒன்றுக்குக் கொம்புக்குருத்து இருந்தது. அதைச் சுடப் போனபோது மாமியார்தான் குட்டியைப் பிடித்துக்கொண்டார். மருமகள் எனக்குக் காப்பி போட்டார்.

ஜீன் பாடத்தைக் கல்லூரியில் படித்தேன். அதை யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று காட்டியவர் முத்துலட்சுமி. அந்த நன்றி இன்றும் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மருந்து எழுதிக் கொடுத்த பிறகு, "வீட்டுல வேற யாருக்கு இத நான் சொல்லணும்?" என்றும் கேளுங்கள்.