லத்தீனுக்குப் பதிலாகத் தமிழ்

பரீட்சையில் தோற்பதும் ஒரு தொழில்தான். இலங்கை மலைநாட்டுப் பதுளையில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் நான் அதை ஒழுங்காகவே செய்துவந்தேன். கடைசி வகுப்புச் சான்றிதழுக்கு ஐந்து பாடங்களில் தேற வேண்டும். நாலில் எப்படியோ கரையேறிவிடுவேன். ஐந்தாவது லத்தீன். இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் அது என்னைக் கவிழ்த்தது. ஒரே பாடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

என் அப்பா நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவர். இரண்டாம் தடவை நான் தோற்றபோது அவர் சத்தம்கூடப் போடவில்லை. "இன்னொரு தடவ விழுந்தா பெரட்டுக்கு வந்துரு. ஒன் பேரையும் சேத்துக் கூப்புடுறேன்" என்றார்.

விதிப் புத்தகம்

ஹனீபா என் வகுப்புக்காரன். கடைவீதியில் அவனுடைய வாப்பாவின் துணிக்கடை மாடியில்தான் நான் தங்கியிருந்தேன். அவனும் லத்தீனில் இரண்டு தடவை விழுந்தவன். ஒரு நாள் அவன் பரீட்சை விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்தான். அதை அப்படி யாரும் வாசிப்பதில்லை. விரும்புகிறவர்கள் லத்தீனுக்குப் பதிலாகத் தமிழோ சிங்களமோ எழுதலாம் என்று ஒரு மூலையில் போட்டிருந்தது. எங்களிடம் அதை ஒருவரும் சொன்னதில்லை.

எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் தமிழ் பேசினால் கழுத்தில் ஒரு பலகையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். முந்தின நாள் அதைச் சுமந்தவன் நான். ஹனீபா புத்தகத்தை என் பக்கம் திருப்பிவைத்துச் சொன்னான்: "நேத்து இதப் பேசினதுக்குத்தான் ஒன் கழுத்துல பலகை. இதுக்கு மார்க் குடுப்பாங்களாம்டா."

ஒரு கேள்வி

தலைமையாசிரியர் இங்கிலாந்துக்காரர்; லத்தீன் சொல்லித்தருகிறவரும் அவர்தான். அவர் அறைக்குள் நான் மட்டும் போனேன். யாராவது ஒருத்தன் உயிரோடு மிஞ்ச வேண்டும் என்று ஹனீபா வாசலில் நின்றுகொண்டான். எங்கள் இரண்டு பேர் விஷயத்தையும் சொன்னேன். "ஏற்கெனவே தெரிந்ததில் தேறுவது படிப்பு ஆகாது. அது குறுக்கு வழி" என்றார் அவர்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "இங்கிலாந்தில் பையன்கள் இங்கிலீஷ் பாடத்தில் பரீட்சை எழுதுகிறார்களா, ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு விண்ணப்பத் தாள்களை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் உங்களுக்குத் தமிழ் சொல்லித்தர மாட்டார்கள்."

தெரிந்த பாஷை

பழைய வினாத்தாள் ஒன்று கிடைத்தது. முதல் கேள்வியே வினையெச்சத்தைப் பற்றி. நானும் ஹனீபாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோயில் குருக்களிடம் ஓர் இலக்கணப் புத்தகத்தை இரவல் வாங்கி, துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தோம். தமிழ் தெரியும் என்று தலைமையாசிரியரிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டோம். இனி பின்வாங்க முடியாது.

லீவுக்குத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனபோதும் அந்தப் புத்தகத்தோடுதான் போனேன். அம்மா மாவு இடித்துக்கொண்டிருந்தாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். "'ஓடி வந்தான்'னு சொல்றோம்ல, அதுல 'ஓடி'ங்கறது வினையெச்சம்மா" என்றேன். உலக்கையை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப இத்தன வருசமா நான் இலக்கணமாத்தான் பேசியிருக்கேன். எனக்கும் ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வா."

ஹனீபாவின் முறை

எழுத்துப் பரீட்சை முடிந்து வாய்மொழிப் பரீட்சை வந்தது. அதற்காகக் கொழும்பிலிருந்து வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். தலைப்பாகை, கறுப்புக் கோட்டு. ஹனீபா முதலில் போனான். நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"நீர் சோனகர். உமக்கு அரபு அல்லோ பாஷை?" என்று கேட்டார் அவர்.

"அரபியில ஓதுவேங்கய்யா. கோவம் வந்தா தமிழ்தான் வரும்."

"இப்ப என்ன பாஷை வருது?"

"தமிழ்தாங்க வருது."

இல்லாத சொல்

அடுத்தது நான். உம்முடைய ஊர்க் காலையைப் பற்றிச் சொல்லும் என்றார். "விடியறதுக்கு முன்னாடியே பெரட்டுக்குக் கொம்பு ஊதுவாங்க" என்று ஆரம்பித்தேன். கையைத் தூக்கி நிறுத்தினார். பெரட்டு என்று தமிழில் ஒரு சொல் கிடையாது, வேறு சொல் சொல்லும் என்றார்.

சொல்லியிருக்கலாம். இந்தத் தடவையும் விழுந்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் மனசு வரவில்லை. "வேற சொல் இல்லீங்க. தோட்டத்துல அத்தன பேரும் அந்தச் சொல்லக் கேட்டுத்தான் எந்திரிக்கிறாங்க" என்றேன். அவர் தூக்கிய கையை இறக்கினார். நான் தொடர்ந்தேன். பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெண்கள் நிற்பதைச் சொன்னேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிந்தி ஓடிவந்த என் சின்னம்மாவை அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். அனுப்பியவர் என் அப்பா என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்லப் பரீட்சையே மறந்துபோயிற்று.

அவரும் எழுதுவதை நிறுத்தியிருந்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "உம்முடைய தமிழிலை பிழை கனக்க இருக்கு. நீர் சொன்னதிலை ஒண்டும் பிழையில்லை."

வந்தது

இரண்டு பேரும் தேறினோம். ஹனீபாவுக்கு என்னைவிட மார்க் அதிகம். அதை அவன் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறான். நான் சான்றிதழ் வாங்கப் போனபோது, அடுத்த வருஷப் பரீட்சைக்குப் பையன்கள் தமிழுக்கும் சிங்களத்துக்கும் பேர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் தாளைக் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "லத்தீன் வகுப்பில் இனி நானும் இரண்டு பையன்களும்தான்."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை வாங்கினார். எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிப்பார், இங்கிலீஷ் தெரியாது. தாளில் மேலிருந்து கீழ்வரை இங்கிலீஷ்தான். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இதுல தமிழ் எங்கடா இருக்கு?"

பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷை எனக்குத் தெரியும் என்று இன்னொரு பாஷையில் எழுதி வாங்க எனக்கு இருபது வயது ஆயிற்று.