மருந்தின் மேல் வைத்த கை

மட்டாஞ்சேரி மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண், எந்த மருந்தை எடுத்து வைத்தாலும் அதன் மேல் கையை வைத்துக்கொள்வார். அவர் கேட்டதற்குப் பதில் வந்தால்தான் கையை எடுப்பார். மெலிந்த கை, ஒற்றை வளையல்.

எனக்குத் தூக்கம் இல்லை. மிளகுக் கிடங்கில் என்னோடு மூட்டை தூக்குகிறவன் சொன்ன, செரோடோனின் என்ற மூளைச் சுரப்பைக் கூட்டும் சத்து மாத்திரையைக் கேட்டேன். புட்டியை எடுத்து வைத்து, மேலே கையை வைத்தார்.

"வேற மருந்து வல்லதும் சாப்பிடறதுண்டோ, சேட்டா?"

"இல்ல."

"சட்டைப் பையில என்ன?"

மன அழுத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டை. வெட்கத்தோடு காட்டினேன். படித்தார். நான் புட்டியை இழுத்தேன். கை அசையவில்லை.

"ரெண்டும் செரோடோனினத்தான் கூட்டும். சேர்ந்தா நடுக்கம், காய்ச்சல். உயிரே போகும். பழைய மாத்திரைய நீங்களா நிறுத்த வேண்டா. தூக்கம் இல்லேன்னு டாக்டர்கிட்ட பறயணும்."

இரவில் போட்டுக்கொண்டிருந்த அந்தப் பழைய மாத்திரையை டாக்டர் காலைக்கு மாற்றினார். இப்போது தூங்குகிறேன்.

அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று மூட்டை தூக்கும் எனக்கு இன்னும் தெரியவில்லை.