மூன்று சிவப்புக் கதவுகள்

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அஜக்ஸில் இருந்து வெளிக்கிட்டேன். பெட்டியில் எனக்கு இரண்டு சட்டை, மிச்சமெல்லாம் மருமகளுக்கு: மிளகாய்த்தூள், ஒடியல் மா, பருத்தித்துறை வடை, அக்கா யாழ்ப்பாணத்தில் இருந்து ஆள் மூலம் அனுப்பிய புழுக்கொடியல். அக்கா எனக்குத் தந்த வேலை ஒன்றுதான்: பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவது. அதனால் போகும்போது ஒரு விமான டிக்கெட், வரும்போது இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன். என் மனைவி சிரித்தாள். நான் பேசி ஒருவரையும் எங்கேயும் கூட்டி வந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

நிலானி என் அக்காவின் ஒரே மகள். படிக்க வந்து, ஸ்காபுறோவில் நாலு வருடம் வேலை பார்த்தும் நிரந்தர வதிவிடம் கிடைக்கவில்லை. ஆளில்லாத ஊருக்கு வேலைக்குப் போனால் கிடைக்கும் என்றார்கள். போன வருடம் அல்பேர்ட்டாவின் கிழக்கே, புல்வெளிக்குள் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பராமரிப்பு வேலைக்குப் போய்விட்டாள். இரண்டு கிழமைக்கு முன் அந்த ஊருக்குப் பக்கத்தில் புல் எரிந்தது. அதன் படத்தை யாரோ அக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று தொடக்கம் அக்கா நித்திரை கொள்ளவில்லை.

பதினொரு மணிக்குக் கல்கரியில் இறங்கினேன். வாடகைக் கார் நாளுக்கு அறுபத்தெட்டு டொலர். ஒன்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் ட்ரம்ஹெல்லர், ஹன்னா தாண்டி, மொத்தம் இருநூற்று எழுபது கிலோமீற்றர். ஏப்ரல் முடிவு. பனி கரைந்துவிட்டது, பச்சை இன்னும் வரவில்லை. இரண்டு பக்கமும் கண் எட்டும் மட்டும் காய்ந்த புல். காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தது, ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்துக் கை வலித்தது. ஹன்னாவுக்கு அப்பால் நாற்பது கிலோமீற்றரில் புல் முடிந்து கறுப்பு தொடங்கியது. வேலிக் கட்டைகள் பாதி எரிந்து கம்பியில் தொங்கின. கண்ணாடியைப் பூட்டியிருந்தும் கரி மணத்தது. அந்தக் கறுப்பு முடிந்த இடத்தில் இருந்து ஊரின் தண்ணீர்த் தாங்கி தெரிந்தது. ஊருக்குள் நுழைந்ததும் கிலோமீற்றர் மானியைப் பார்த்தேன். கறுப்பில் இருந்து ஆறு.

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவளுடைய வேலைக்குப் பாதகம் வரலாம்.

மூன்று மணிக்கு நிலானி தன் வீட்டு வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள். பெட்டியைத் திறந்து வடையை ஒரு கடி கடித்துவிட்டு, "அம்மா அனுப்பினவா, என்ன?" என்றாள்.

"வடையையோ?"

"உங்களை."

ஞாயிறு மதியம் அந்த இல்லத்தில் தீ ஒத்திகை. கவுண்டி, அதாவது இந்தக் கிராமங்களை நிர்வகிக்கும் சபை, வருடத்துக்கு ஒரு முறை செய்யச் சொல்கிறது. நடத்த வந்தவர் டேவ், அறுபத்தைந்து வயது இருக்கும். அவர்தான் கவுண்டியின் அவசரகாலப் பொறுப்பாளர், ஊரின் தொண்டர் தீயணைப்புத் தலைவர், பள்ளி பஸ் சாரதி. பஸ்ஸையும் கொண்டு வந்திருந்தார். தீயணைப்புப் பட்டியலில் ஒன்பது பேர், அன்று வந்தது மூன்று பேர். மற்றவர்கள் வடக்கே எண்ணெய் வேலையில் என்றார். போன தடவை தீயை எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "நாங்கள் நிறுத்தவில்லை, காற்று திரும்பியது" என்றார். அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை.

இல்லத்தில் பதினாலு பேர். ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு வட்ட ஒட்டி. நடக்கக்கூடிய ஆறு பேருக்குப் பச்சை. சக்கர நாற்காலியில் இருக்கும் ஐந்து பேருக்கு மஞ்சள். கட்டிலை விட்டு எழும்ப முடியாத மூன்று பேருக்குச் சிவப்பு. மேற்கில் ரயில் பாதையில் தீப் பிடித்து, காற்றும் பலமாக இருந்தால், ஊருக்கு வர இருபது நிமிடம் என்று டேவ் கணக்குச் சொன்னார். சும்மா நின்ற ஒரே ஆள் நான் என்பதால் நேரம் பார்க்கும் வேலையை என்னிடம் தந்தார்.

போனில் நேரத்தை ஓடவிட்டேன். பச்சைக்காரர் ஆறு பேரும் பஸ்ஸில் ஏறி முடியப் பன்னிரண்டு நிமிடம். ஒரு கிழவர் தொப்பிக்காகத் திரும்பி அறைக்குப் போனார், அதில் இரண்டு நிமிடம் போனது. சக்கர நாற்காலி ஏற்றும் வான் ஒன்றுதான் உண்டு, அதில் இரண்டு பேர்தான் கொள்ளும். அந்த இரண்டு பேரை ஏற்றிப் பட்டி கட்டி முடிக்க என் போன் இருபத்தைந்து காட்டியது. டேவ் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அடுத்த ஊருக்கு ஐம்பத்தெட்டு கிலோமீற்றர் போய்த் திரும்பி வந்துதான் அந்த வான் மற்ற மூன்று மஞ்சளையும் ஏற்றவேண்டும். சிவப்புக் கதவுகளை ஒருவரும் திறக்கவே இல்லை.

சிவப்புக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டேவ் படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'இருக்கும் இடத்திலேயே பாதுகாத்தல்' என்று இருந்தது. ஜன்னலை மூடி, கதவு இடுக்கில் ஈரத் துணி வைத்து, ஒரு பணியாளர் அவர்களுடன் உள்ளேயே இருக்கவேண்டும். அதற்குக் கீழே அந்தப் பணியாளரின் பெயருக்கு ஒரு பெட்டி. அதில் நிலானியின் கையெழுத்தில் நிலானியின் பெயர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டேவுடன் கோபிக்க முடியவில்லை. அவர் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். நிலானியைக் குசினிக்குள் கூப்பிட்டேன்.

"உனக்கென்ன விசரோ? உன்ரை பேரை ஏன் எழுதினனீ?"

"மற்ற ஆக்கள் எல்லாரும் தூரத்திலை இருந்து வாறவை. நான்தான் நடந்து வாற தூரம். பின்னேர வேலையும் நான் தனியத்தான் மாமா."

"அதுக்கு?"

"அந்தப் பெட்டியை வெறுமையா விட்டால் கவுண்டிக்காரர் படிவத்தை எடுக்கமாட்டினம். எடுக்காட்டி இந்த இடத்தைப் பூட்டுவினம். பூட்டினால் வேலை இல்லை. வேலை இல்லாட்டி பேப்பரும் இல்லை. இன்னும் பதினாலு மாசம் இருக்கு."

"நெருப்பு வந்தால் உள்ளுக்கை நிப்பியோ?"

கேத்திலில் தண்ணீர் நிரப்பினாள். "தெரியேல்லை. ஓடினாலும் ஓடுவன். ஓடினாப் பிறகு எப்பிடி இருப்பன் எண்டும் தெரியேல்லை."

வாங்கிய டிக்கெட்டைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கிப் பார்க்கவும் இல்லை. "திருப்பிக் குடுக்கேலுமோ பாருங்கோ" என்றாள்.

பின்னேரம் சிவப்புக் கதவுகளில் முதலாவதை நானே திறந்தேன். எலன் என்ற கிழவி, தொண்ணூற்றொரு வயது, எலும்பும் தோலும். காதில் ஒரு குறையும் இல்லை. குசினியில் நாங்கள் போட்ட சத்தத்தைக் கேட்டிருக்கிறார், தமிழ் தெரியாமலே விளங்கியிருக்கிறார். மாமனா என்று கேட்டார். ஆமென்றேன். "கதவைச் சாத்திவிட்டு ஓடு என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். பதில் சொல்கிறாள் இல்லை. நீங்களாவது கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார். பிறகு ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கிவிடச் சொன்னார். மேற்கே பார்த்த ஜன்னல். தூரத்தில் ரயில் பாதை தெரிந்தது. நான் திரையை விலக்கிவிட்டு வந்துவிட்டேன். நான் வந்த வேலையைச் செய்யச் சொன்ன ஒரே ஆள் அந்த ஊரில் அவர்தான், அவரிடமும் என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு நிலானி காருக்குள் சாப்பாட்டுப் பொதி வைத்தாள். கட்டிப்பிடிக்கப் போனேன், "வேலைக்கு நேரமாச்சு மாமா" என்று ஒதுங்கிவிட்டாள். அழுதுவிடுவாளென்று பயந்திருப்பாள். நான் அழுதுகொண்டுதான் காரை எடுத்தேன். அன்றும் காற்று மேற்கில் இருந்துதான் அடித்தது.

அஜக்ஸில் எங்கள் வீட்டில் இருந்து தீயணைப்பு நிலையம் ஐந்து நிமிட நடை. சைரன் அடித்துக்கொண்டு வண்டி போனால் நித்திரையைக் குழப்புகிறார்களென்று திட்டுவேன். இருபத்திரண்டு வருடமாகத் திட்டியிருக்கிறேன்.

எட்டு மணிக்கு ஹன்னாவில் பெற்றோல் அடிக்க நிறுத்தியபோது அக்கா போன் எடுத்தா. யாழ்ப்பாணத்தில் இரவு ஏழரை.

"தம்பி, பிள்ளை பக்கத்திலை நிக்கிறாளோ?"

"இல்லை அக்கா. லீவு குடுக்கேல்லை. பிறகு வருவாள்."

"நெருப்புக்கு ஒத்திகை எல்லாம் செய்யினம் எண்டு சொன்னவள். மெய்யோ?"

"ஓம் அக்கா. நேரம் பாத்ததே நான்தான்."

"எல்லாரும் வெளியிலை வந்திட்டினமோ?"

பம்பில் எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வந்திட்டினம்."

"அப்ப சரி" என்றா அக்கா. "இண்டைக்காவது நித்திரை கொள்ளுவன்."