மச்சான் வாங்கிய மெஷினும் என் கட்டில் காலும்

ஐந்தாவது வரைதான் படித்தேன். கையெழுத்து மோசமாக இருக்கும், பிழைகளும் இருக்கும், மன்னிக்கவும்.

நெல்லித்தோப்பில் பூவேலை செய்த கட்டில் கால்கள் செய்து விற்கிறேன். பக்கத்துத் தெருவில் கதவு செய்யும் என் மச்சான், மரம் செதுக்கும் சி.என்.சி. மெஷின் வாங்கினார். அவர் கதவுகளில் பூவும் கொடியும் தானாக விழுவதைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி ஸ்டெல்லாவின் நகைகளை விற்று, அவளோடு மெஷின் கடைக்குப் போனேன்.

கூச்சத்தில் எதுவும் விசாரிக்கவில்லை. "மச்சான் மெஷினவிடப் பெருசா வேணும்" என்று மட்டும் சொன்னேன். முன்பணத்தை நீட்டும்போது ஸ்டெல்லா குறுக்கிட்டாள்.

"சார், இது கட்டில் காலைச் சுத்தியும் செதுக்குமா?"

"இல்லம்மா, பலகைக்கு மேல்பக்கம் மட்டுந்தான். உருண்டைக் கட்டைன்னா, அதைத் திருப்பிவிடுற ரோட்டரி வச்ச மெஷின் வேணும்" என்றார் கடைக்காரர்.

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். "எங்கண்ணன் கதவு செதுக்குது. நீங்க இதுல என்னாத்த செதுக்கப் போறீங்க, பொறாமையையா?"

பணத்தோடு திரும்பினோம். மச்சான் மெஷின் சத்தம் கேட்டால் இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் இப்போது எந்த மெஷின் கடைக்குப் போனாலும் ஒரு கட்டில் காலைக் கையோடு கொண்டுபோகிறேன். பேச வாய் வராவிட்டால் அதை மேசைமேல் வைத்துவிடுகிறேன்.

எழுதியது: ஆகஸ்ட் 16, ஞாயிறு.