நாலு பேருக்கு மேல் ஆகாது

எங்கள் அண்ணன் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். சாயங்காலம் பஸ் ஏறும்போது அந்தச் சட்டத்தையும் கூடவே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். வீட்டில் அண்ணன், மதினி, அவர்கள் மகள், நான், என் மனைவி என்று ஐந்து பேர். சாப்பிட எல்லோரும் ஒரே அறையில் கூடிவிட்டால் அண்ணன் தலையை எண்ணிப் பார்த்துவிட்டு, தட்டோடு வாசலுக்குப் போய்விடுவார். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி, தன்னைப் பிடிக்காமல்தான் அவர் எழுந்து போகிறார் என்று ஒரு வாரம் அழுதாள்.

கொரோனாவுக்கு ஊரைப் பூட்டியிருந்த சமயத்தில் மதினிக்குக் காய்ச்சல் வந்தது. அதேதான் என்று உறுதியானதும், மாடியறையில் பதினான்கு நாள் தனியாக இருக்கச் சொன்னார்கள். கீழே சரியாக நாலு பேர். அண்ணன் எங்களோடு உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார். எல்லாம் சட்டப்படி நடந்தது. சோறுதான் யாருக்கும் இறங்கவில்லை.

மதினிக்கும் இறங்கவில்லை. படியில் வைத்த தட்டு அப்படியே திரும்பி வந்தது. செல்போனைத் திறந்தாலே இழவுச் செய்தி என்று அதையும் அணைத்துப் போட்டுவிட்டார். சாப்பிடாமல் தெம்பு குறைந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுக்கை கிடைக்காமல் ஜனங்கள் அலைந்த நாட்கள் அவை.

மூன்றாம் நாள் அண்ணன் மகள் மாடிப்படிக்குக் கீழே நின்று வாயாலேயே ஒரு ஊசிவெடி வெடித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். நான் லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்ப்பவன். பெட்டிமேல் ஒட்டுகிற படம் தெரியுமே தவிர உள்ளே இருக்கிற சரக்கு தெரியாது. படபடவென்று ஒரு சரவெடியை ஆரம்பித்து, பாதியில் மூச்சு வாங்கி, ஒரு 'டமார்' போட்டு முடித்தேன்.

மதினி அண்ணன் கம்பெனியிலேயே பேக்கிங் பார்க்கிறவர். மட்டமான சரக்கைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"நடுவுல மூச்சு வாங்குறீக தம்பி. சரம் அந்து போச்சு. இதெல்லாம் பெட்டிக்குள்ள போகாது."

அன்று அரைத் தட்டு காலியானது. மறுநாளிலிருந்து இரண்டு வேளையும் எங்கள் வீட்டில் தீபாவளி. என் மனைவி சங்குசக்கரம் விடுகிறேன் என்று தானும் சுற்றி அரிசி டிரம்மில் இடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, காய்ச்சல் எல்லோருக்கும் தலைக்கேறிவிட்டதா என்று விசாரித்தார். இரண்டு நாள் கழித்து அவரும் அங்கிருந்தே ஒரு அணுகுண்டு போட்டார்.

அண்ணனுக்கு மட்டும் இது ஆகவில்லை. வெடி விளையாட்டுச் சாமானா என்று முறைத்தார். ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. ராக்கெட் கிளம்புவதற்கு முன்னாலேயே வெடிக்குமா என்று மகளைத் திட்டினார். எங்களை எட்டி எட்டி நிற்கவைத்தார். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நாங்கள் வெடித்ததோ வாயால்.

ஒன்பதாம் நாள் காலையில் எவ்வளவு வெடித்தும் மேலிருந்து குரல் வரவில்லை. தட்டில் வைத்த இட்லி நாலும் நாலாகவே இருந்தது. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் எங்களை விலக்கிவிட்டு வந்து, மருந்து அறைக்குள் போகிறவர் மாதிரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு ஒரு புஸ்வாணம் விட்டார். 'புஸ்ஸ்' என்று தாழ ஆரம்பித்து, கையை மெல்ல உயர்த்தி, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க மேலே கொண்டுபோனார். பூவாகச் சிதற வேண்டிய இடத்தில் எச்சில் தொண்டையில் சிக்கி இருமிவிட்டார்.

மேலே முதலில் இருமல் கேட்டது. அப்புறம்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"இருவது வருசமா போர்மேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாக. ஒரு புஸ்வாணம் ஒழுங்கா விடத் தெரியல. இட்லி ஆறிப்போச்சு, தோசை இருந்தா வைங்க."

இருமியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றார் அண்ணன். நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.

பதினான்கு நாள் முடிந்ததும் மதினி இளைத்துப்போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். சாப்பாட்டுக்கு ஐந்து தட்டு வைத்தோம். எல்லோரும் உட்கார்ந்ததும் இந்தத் தடவை தலையை எண்ணியது மதினிதான்.

"ரூமுல அஞ்சு பேரு இருக்கோம், போர்மேன்."

அண்ணன் தன் தட்டை மதினி பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"கம்பெனி இன்னைக்கு லீவு," என்றார்.