கோயிலுக்குள் போன கல்

எங்கள் ஊர் கார்வேட்டிநகரத்துக்கும் புத்தூருக்கும் இடையில் இருக்கிறது. ஆந்திர மாநிலம் அமைந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற தகராறு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் நான் திருப்பதியில் சரித்திரம் படித்தேன். விடுமுறையில் ஊருக்கு வந்தால் தமிழ்க் கல்வெட்டுகளைத் தேடி அலைவேன். எங்களுடையது தமிழ் ஊர் என்று அதிகாரிகளுக்குக் காட்ட ஒரு கல் வேண்டியிருந்தது.

கிடைத்தது, சேரியில். இப்போது காலனி என்கிறோம். ஏரிக்கரைக்குக் கீழே அவர்கள் பொங்கலிட்டுக் கும்பிட்ட சாமி அது. வில் பிடித்த ஒருவன், காலடியில் மாடுகள். தலைமுறை தலைமுறையாகப் பூசிய எண்ணெயைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தபோது மேலே தமிழ் எழுத்து தெரிந்தது. பகைவர் கவர்ந்து போன மாடுகளை மீட்கப் போய் இறந்தவனுக்கு நட்ட கல்.

வெட்டவெளியில் இருந்தால் யாராவது உடைத்துவிடுவார்கள் என்று நைனாவிடம், என் அப்பாவிடம், சொன்னேன். அது உண்மையான பயம்தான். ஆனால் அதிகாரிகளைச் சேரிக்கு அழைத்துப் போக ஊர்ப் பெரியவர்களுக்கு மனமில்லை என்பதும் எனக்குத் தெரியும். கோயில் பிராகாரத்தில் வைப்பது என்று முடிவாயிற்று.

கல்லுக்குப் பொங்கலிடும் அம்மாள் என்னை மறித்தாள்.

“சாமிய எங்க இட்டுகினு போற சின்னய்யா?”

“கோயிலுக்கு. ஆபீசருங்க பாத்துட்டுப் போனதும் கொணாந்து வச்சிடறோம்.”

“நெசமா? நாங்க உள்ள வந்து கேக்க முடியாது, தெரியுமில்ல?”

“நான் சொல்றேன் இல்ல.”

அவள் கணவன் சிரித்தான். “வுடு, போவட்டும். நாமதான் உள்ள போவல. நம்ம சாமியாவது போயி பாத்துகினு வரட்டும்.”

சேரி ஆண்கள்தான் கல்லைச் சுமந்து வந்தார்கள். கோயில் வாசலில் இறக்கி வைத்தார்கள். அங்கிருந்து ஊர்க்காரர்கள் தூக்கினார்கள். அன்று எனக்கு அதில் எதுவும் தவறாகப் படவில்லை.

அதிகாரிகள் படிப்பதற்காகப் பக்கத்தில் ஒரு பலகை எழுதி மாட்டினேன். ‘தொன்றுதொட்டு இக்கோயிலில் உள்ள தமிழ்க் கல்.’ தமிழ் என்பது மட்டும் உண்மை.

அவர்கள் வந்து பார்த்தார்கள். எல்லை முடிவானபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். கல் எதற்கும் உதவவில்லை. ஆனாலும் கோயிலைவிட்டு வெளியே வரவில்லை. தை மாதம் அந்த அம்மாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து கேட்டாள். “கோயில் கல்லுன்னு படிச்சவனே எழுதிக்கீறான், போ,” என்றார் நைனா. நான் உள்ளே இருந்தேன். வெளியே வரவில்லை. பிறகு சித்தூரில் வேலை கிடைத்து, ஓய்வு பெறும்வரை சரித்திரம் கற்பித்தேன். அவள் கல் இருந்த வெறும் பள்ளத்துக்கே பொங்கலிட்டு வந்தாள், ஒரு வருஷம் இறந்தும் போனாள்.

அண்மையில் காலனிப் பிள்ளைகள் ஒரு சங்கம் வைத்து, பெரியவர்களிடம் பழைய கதைகளைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். கல்லைத் திருப்பிக் கேட்டு மனுவும் கொடுத்தார்கள். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். அந்த அம்மாளின் பேத்தி சித்தூருக்கு வந்து என்னையும் அழைத்துப் போனாள்.

கோயில் தரப்பில் பேசியவன் என் தம்பி மகன். “ஆதியிலேர்ந்து செவுத்தோட இருக்கிற கல்லு சார். எடுத்தா ஒடஞ்சிடும்.”

“தாதகாரு, மீரு செப்பண்டி,” என்று தெலுங்கில் என்னைச் சொல்லச் சொன்னார் அதிகாரி.

கொண்டுவந்தது நான், திருப்பித் தருவதாகச் சொன்னது நான், பலகை எழுதியதும் நான் என்றேன்.

“வயசாச்சின்னா வூட்ல குந்திகினு இருக்கணும் பெரிப்பா,” என்றான் தம்பி மகன்.

இன்னொன்றையும் சொன்னேன். கல்லை நிறுத்தியபோது, திரும்ப எடுக்க வேண்டியிருக்கும், சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்பே போதும் என்று கொத்தனாரிடம் சொன்னவனும் நான்தான். வாக்கைக் காப்பாற்றும் எண்ணம் அன்று எனக்கு இருந்தது.

அதிகாரி குனிந்து ஸ்கூட்டர் சாவியால் கல்லின் அடியில் சுரண்டினார். பூச்சு மாவாக உதிர்ந்தது. “ஒக்க ரோஜு பனி,” என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொண்டார். ஒரு நாள் வேலை.

பேத்தி என் பக்கம் திரும்பினாள்.

“எங்க ஆயா உசுரோட இருக்கசொல்லோ வந்து இத சொல்லியிருக்கலாமில்ல தாத்தா?”

“சொல்லியிருக்கலாம்,” என்றேன்.